கோப்பை வென்ற கிளப்கள் எங்கே போயின?

இந்தியாவின் முதல் தேசிய கால்பந்து லீக்கை வென்ற ஜேசிடி அணி இன்று இல்லை. பத்தாவது சீசனை வென்ற மஹிந்திரா யுனைடெட்டும் இல்லை. 2019இல் கோவையில் கோப்பையைத் தூக்கிய சென்னை சிட்டியை, தேசிய லீக்கின் பிற்காலப் பெயரான ஐ-லீக் பட்டியலில் தேடினால் கிடைக்காது. 2022இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சாம்பியனான ஹைதராபாத் எஃப்சி, பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு டெல்லிக்குக் குடிபோய்விட்டது. அதே ஐஎஸ்எல் கோப்பையை மூன்று முறை வென்ற கல்கத்தாவின் ஏடிகே இன்னொரு கிளப்புக்குள் கரைந்துவிட்டது.

இங்கிலாந்தில் 1889இல் முதல் லீக் பட்டத்தை வென்ற பிரெஸ்டன் நார்த் எண்ட், கீழே இறங்கினாலும் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. நம் நாட்டில் தேசிய லீக் தொடங்கி முப்பது ஆண்டுகள்கூட நிறைவதற்குள் சாம்பியன்களில் பலர் காணாமல் போய்விட்டார்கள். எந்த ஆண்டில் யார் நன்றாக ஆடினார்கள் என்பதைவிட, யார் கையிலிருந்து பணம் போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதைத்தான் இந்தப் பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது.

லீக்குக்கு முன்னால் கோப்பைகள் இருந்தன. டூரண்ட் கோப்பை 1888இல் தொடங்கியது. ரோவர்ஸ் கோப்பை 1891, ஐஎஃப்ஏ ஷீல்டு 1893. கல்கத்தா லீக் 1898இலேயே வந்துவிட்டது. 1911இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை வீழ்த்தி வென்றது அந்த ஷீல்டைத்தான். மாநில அணிகளுக்கு 1941 முதல் சந்தோஷ் டிராபி இருந்தது. நாடு முழுவதும் உள்ள கிளப்கள் மோதுவதற்கு ஃபெடரேஷன் கோப்பை 1977இல் வந்தது. முதல் தடவையே அதை வென்றது பெங்களூரின் ஐடிஐ, அதாவது தொலைபேசிக் கருவி தயாரிக்கும் அரசு நிறுவனத்தின் அணி. வங்கி, ரயில்வே, ஆலை, காவல்துறை என்று வேலை கொடுக்கும் இடங்களே கால்பந்தையும் வளர்த்த காலம் அது. சென்னையின் இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கில் ஆடியதும் அந்த மரபில்தான்.

ஆனால் கோப்பைப் போட்டி என்பது இரண்டு, மூன்று வாரத்தில் முடிகிற விஷயம். உள்ளூரிலும் வெளியூரிலும் மாறி மாறி, மாதக்கணக்கில் ஆடும் லீக்குக்குப் பயணச் செலவு, தங்கும் செலவு, பெரிய அணி எல்லாம் வேண்டும். கல்கத்தாவின் பெரிய கிளப்களுக்கு உள்ளூர் லீக்கிலேயே மைதானம் நிறைந்தது. வெளியே போய் ஆட அவர்களுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு தேசிய லீக்கைத் தொடங்கியபோது 1996 டிசம்பர் ஆகிவிட்டது.

முதல் பட்டம் கல்கத்தாவுக்கும் போகவில்லை, கோவாவுக்கும் போகவில்லை. பஞ்சாபின் பக்வாராவில் இயங்கிய துணி ஆலையின் அணியான ஜேசிடிதான் வென்றது. ஐ.எம். விஜயன், பாய்ச்சுங் பூட்டியா, ஜோ பால் அஞ்சேரி மூவரும் ஒரே அணியில் இருந்தால் வேறென்ன நடக்கும்? பூட்டியா 14 கோல் அடித்து அந்த சீசனின் அதிக கோல் வீரரானார். ஓர் ஆலை நிர்வாகம் நாட்டின் மிகச் சிறந்த வீரர்களைக் கூலி கொடுத்துச் சேர்க்க முடிந்தது. அதுவே அணியின் பலம், அதுவே அதன் எல்லையும்.

அடுத்த சில ஆண்டுகள் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் உரியவை. 1997-98, 1999-2000, 2001-02 என மூன்று பட்டங்கள் மோகன் பகானுக்கு. 2000-01, 2002-03, 2003-04 என மூன்று ஈஸ்ட் பெங்காலுக்கு. இடையில் 1998-99இல் கோவாவின் சல்காவ்கர் மட்டும் நுழைந்தது. இந்தப் பரம வைரிகள் இருவருக்கும் அப்போது பணம் கொடுத்தது ஒரே மதுபானக் குழுமம் என்பது இன்று நினைத்தாலும் வேடிக்கைதான். ஒரு சட்டையில் மெக்டவல், இன்னொன்றில் கிங்ஃபிஷர். 2003இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் போட்டியில், சுபாஷ் பௌமிக்கின் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் தாய்லாந்தின் பிஇசி டெரோவை 3-1 என்று வீழ்த்தியது. அந்தத் தலைமுறையின் உச்சம் அது. 2004க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த கிளப் தேசிய லீக் பட்டத்தைத் தொடவே இல்லை.

கோவாவின் ஒன்பது ஆண்டுகள்

2004-05 முதல் 2012-13 வரை நடந்த ஒன்பது சீசன்களில் எட்டை கோவா அணிகள் வென்றன. இடையில் 2005-06இல் மட்டும் மும்பையின் மஹிந்திரா யுனைடெட். பதினைந்து லட்சம் பேர்கூட இல்லாத ஒரு சின்ன மாநிலம், நாட்டின் முதல்தர லீக்கைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டது. 2007இல் தேசிய கால்பந்து லீக்கின் பெயர் மாறி ஐ-லீக் ஆனபோதும் எதுவும் மாறவில்லை. ஐ-லீக்கின் முதல் ஆறு பட்டங்களும் கோவாவுக்குத்தான்: டெம்போ மூன்று, சர்ச்சில் பிரதர்ஸ் இரண்டு, சல்காவ்கர் ஒன்று.

இதில் டெம்போவின் கதை தனி. பயிற்சியாளர் அர்மாண்டோ கொலாசோ ஒரே கிளப்பில் இருந்து ஐந்து தேசியப் பட்டங்களை வென்றார். தேசிய லீக்காக இருந்தபோது இரண்டு, ஐ-லீக் ஆன பிறகு மூன்று. நைஜீரியாவிலிருந்து வந்த ரான்டி மார்ட்டின்ஸ் முன்களத்தில் கோல்களைக் குவித்தார். 2008இல் அந்த அணி ஆசிய கிளப்களுக்கான ஏஎஃப்சி கோப்பையின் அரையிறுதி வரை போனது. உள்ளூர்ப் பையன்களைச் சின்ன வயதிலேயே பிடித்து வளர்ப்பது, பயிற்சியாளரை அடிக்கடி மாற்றாமல் இருப்பது, நடுக்களத்தை அப்படியே பாதுகாப்பது என்று எல்லாமே முறையாக நடந்த கிளப் அது. என்னைக் கேட்டால் இந்திய லீக் வரலாற்றில் மிக நன்றாக நிர்வகிக்கப்பட்ட அணி டெம்போதான்.

டெம்போ, சல்காவ்கர் இரண்டுமே கோவாவின் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் வளர்ந்த குடும்பங்களின் கிளப்கள். சர்ச்சில் பிரதர்ஸ் அரசியல் செல்வாக்குள்ள ஒரு குடும்பத்தின் கிளப். டிக்கெட் விற்பனையோ தொலைக்காட்சிப் பணமோ இவர்களைத் தாங்கவில்லை. மட்காவ் ஃபதோர்டா மைதானத்தில் சாம்பியன் அணி ஆடும்போதுகூட இருக்கைகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். கால்பந்தின் மேல் உள்ள பிரியத்தாலும் குடும்ப கௌரவத்தாலும் செலவு செய்தார்கள். 2012இல் கோவாவில் சுரங்கத் தொழிலே நிறுத்தப்பட்டது. அதற்கடுத்த ஆண்டுக்குப் பிறகு அங்கே ஒரு ஐ-லீக் பட்டம்கூடப் போகவில்லை. அது ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அதற்குள் வேறொரு காற்றும் வீச ஆரம்பித்திருந்தது.

2010 டிசம்பரில் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை ஐஎம்ஜி-ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. அந்த ஆண்டே மஹிந்திரா யுனைடெட் மூடப்பட்டிருந்தது. 2011இல் ஜேசிடியும் கடையைக் கட்டியது. முன்னாள் சாம்பியன்கள் இருவர் அடுத்தடுத்து வெளியேறியும் லீக்கில் பெரிய அதிர்ச்சி எழவில்லை. ஆலையோ கார் கம்பெனியோ விளம்பரக் கணக்குப் பார்த்து, 'இது நமக்கு எதற்கு?' என்று கேட்டுவிட்டால் கிளப்பைக் காப்பாற்ற வேறு யாரும் இல்லை. உறுப்பினர்களும் ரசிகர்களும் சேர்ந்து நடத்துகிற கிளப்பாக அவை வளரவே இல்லை.

சர்ச்சில் பிரதர்ஸின் 2013-14 இன்னும் விசித்திரம். போன சீசனின் சாம்பியன், ஜனவரியில் ஃபெடரேஷன் கோப்பையையும் வென்றது, அதே சீசனில் ஐ-லீக்கிலிருந்து தரமிறங்கியது.

இரண்டு லீக், இரண்டு சாம்பியன்

புதிய ஒப்பந்தத்தின் பலனாக 2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. எட்டு அணிகள், ஓய்வு பெறும் வயதில் உலக நட்சத்திரங்கள், சினிமா, கிரிக்கெட் முகங்கள். ஐ-லீக் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருந்தது. ஆரம்ப சீசன்களில் ஐஎஸ்எல் சில மாதங்களில் முடிந்துவிடும், வீரர்கள் அங்கே ஆடிவிட்டு இங்கே திரும்புவார்கள். 2017-18 முதல் இரண்டு லீக்கும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆக, ஒரு நாட்டுக்கு இரண்டு சாம்பியன்கள்.

ஐ-லீக்கின் மிகச் சுவையான ஆண்டுகள் அப்போதுதான் வந்தன. இதை யாரும் திட்டமிடவில்லை. பெரிய பணம் ஐஎஸ்எல் பக்கம் போனபோது ஐ-லீக்கில் இடம் காலியானது, சின்ன ஊர்கள் உள்ளே வந்தன.

முதலில் பெங்களூரு எஃப்சி. ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 2013இல் தொடங்கிய அணி, சுனில் சேத்ரி தலைமையில், ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியில் முதல் சீசனிலேயே பட்டம் வென்றது. 2015 மே 31 அன்று கடைசி ஆட்டத்தில் அதே அணி தன் சொந்த மைதானத்தில் மோகன் பகானைச் சந்தித்தது. மோகன் பகானுக்கு டிரா போதும். 87ஆவது நிமிடம் வரை பெங்களூரு 1-0 முன்னிலை. அப்போது கார்னரில் வந்த பந்தை பெல்லோ ரசாக் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு மோகன் பகான் சாம்பியன். அடுத்த ஆண்டு பெங்களூரு பட்டத்தைத் திரும்பப் பிடித்ததோடு, ஏஎஃப்சி கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய அணியும் ஆனது.

2016இல் ஐஎஸ்எல்லை முதல்தர லீக் ஆக்கும் திட்டம் வெளியானதும் சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கோவா, டெம்போ மூன்றும் ஐ-லீக்கை விட்டு விலகின. ஐந்து முறை சாம்பியனான டெம்போ இரண்டாம் பிரிவை வென்று மேலே வரும் தகுதி பெற்றிருந்த நேரம் அது. அவர்கள் காலி செய்த இடத்தால் ஓர் ஆச்சரியம் நடந்தது. முந்தைய சீசனில் தரமிறங்கியிருந்த மிசோரத்தின் ஐசால் அணியை, எண்ணிக்கை குறைகிறதே என்று மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். மும்பை எஃப்சியில் வேலை இழந்திருந்த காலித் ஜமில் பயிற்சியாளராக வந்தார். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜோங்குடன் 1-1 டிரா செய்து ஐசால் பட்டத்தை எடுத்தது. மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். வடகிழக்கிலிருந்து தேசிய லீக்கை வென்ற முதல் அணி. அதே கோடையில் ஐஎஸ்எல் விரிவாக்கப்பட்டபோது உள்ளே போனவர்கள் பெங்களூருவும் புதிதாக உருவான ஜாம்ஷெட்பூரும். நாட்டின் நடப்பு சாம்பியன் வெளியேதான் நின்றது.

2017-18இல் மினர்வா பஞ்சாப். அதற்கடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் முறை.

சென்னை சிட்டி 2016-17இல் நேரடி அனுமதியில் ஐ-லீக்குக்குள் வந்த அணி. முதல் இரண்டு சீசன்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் இருந்தது. இரண்டாவது சீசனிலிருந்து சொந்த மைதானமாகக் கோவை நேரு ஸ்டேடியம் அமைந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த பெத்ரோ மான்சி, சான்ட்ரோ, நெஸ்டர் ஆகியோரை அதிகச் செலவில்லாமல் கொண்டுவந்தார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், மைக்கேல் ரெஜின், ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள் சுற்றிலும் ஆடினார்கள். தற்காத்து ஆடிப் புள்ளி சேர்க்கும் சின்ன அணியாக இல்லாமல், பந்தைத் தன் வசம் வைத்துக்கொண்டு தரையிலேயே பாஸ் செய்து ஆடியது சென்னை சிட்டி. அந்த சீசனில் மான்சி மட்டும் 21 கோல்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி வென்றால் பட்டம் உறுதி. தவறினால், கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடும் ஈஸ்ட் பெங்கால் முந்தலாம். கோவையில் எதிரணியான மினர்வா ஆரம்பத்திலேயே கோல் அடித்துவிட்டது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் வெற்றி கோல்களை அடித்தவர் முன்கள வீரர் இல்லை, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. ஒன்றல்ல, இரண்டு. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி மீண்டு 2-1 என்று வென்றிருந்தது. 43 புள்ளியோடு சென்னை சிட்டி, 42 புள்ளியோடு ஈஸ்ட் பெங்கால். தமிழ்நாட்டு கிளப் ஒன்று தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் முறை.

அதன் பிறகு நடந்தது இந்தப் பட்டியலுக்குப் பழகிப்போன கதைதான். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 சதவீதப் பங்கை வாங்கியபோது எதிர்பார்ப்பு எகிறியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவிடம் ஒரு கோலில் தோற்றது. மான்சி போனார், நெஸ்டர் போனார், பயிற்சியாளரும் போனார். கொரோனா வந்தது, ஐ-லீக் முழுவதும் வங்காளத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயர் இல்லை. பட்டம் வென்று இரண்டே ஆண்டு.

யாரை சாம்பியன் என்பது?

ஐஎஸ்எல் பக்கம் வேறொரு குழப்பம். அங்கே 2024-25 வரை லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்தால் மட்டும் சாம்பியன் ஆகிவிட முடியவில்லை. முதல் சில இடங்களைப் பிடித்தவர்கள் பிளே-ஆஃப் ஆடி, இறுதியில் வென்றவரே சாம்பியன். 2017-18இல் பெங்களூரு 40 புள்ளி எடுத்தது, ஐஎஸ்எல்லின் சென்னை அணியான 'சென்னையின் எஃப்சி' 32. எட்டுப் புள்ளி வித்தியாசம். ஆனால் மார்ச் 17 அன்று பெங்களூரின் கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதியில் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி கோல் போட, சென்னையின் எஃப்சி 3-2 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. நமக்கு மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த எட்டுப் புள்ளிக்கு அன்று ஒரு மதிப்பும் இல்லாமல் போனது.

சென்னையின் எஃப்சி 2015இல் வென்ற முதல் கோப்பையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஃபதோர்டாவில் 2-1 என்று கோவா முன்னிலை, 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணியின் கையில் பட்டுச் சொந்த கோல், ஆட்டம் முடியும் தறுவாயில் மென்டோசா அடித்து 3-2. ஒரு சின்ன இடைச்செருகல்: அதே கட்டிமணி 2022 இறுதியில் அதே மைதானத்தில் ஹைதராபாத்துக்காக ஆடி, கேரளா பிளாஸ்டர்ஸின் மூன்று பெனால்டிகளைத் தடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். கால்பந்தில் இப்படியும் கணக்குத் தீரும்.

2019-20இல்தான் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கு லீக் ஷீல்டு என்று தனிப் பரிசு வந்தது. முதல் ஷீல்டு எஃப்சி கோவாவுக்கு, கோப்பை ஏடிகேவுக்கு. ஆசிய சாம்பியன்ஸ் லீக்குக்குப் போகும் வாய்ப்பு ஷீல்டு வென்றவருக்கு. ஆனாலும் பரிசுத் தொகையில் கோப்பைதான் பெரியதாக இருந்தது. 2021-22 முதல் கோப்பைக்கு 6 கோடி, ஷீல்டுக்கு 3.5 கோடி. ஒரு லீக் தன் சொந்த லீக் பட்டத்தைவிட நாக்-அவுட்டுக்கு அதிக விலை வைத்திருந்தது. உலகின் பெரும்பாலான நாடுகளின் கணக்குப்படி பார்த்தால் ஷீல்டுதான் லீக் பட்டம், நான் எண்ணும்போதும் அப்படித்தான் எண்ணுவேன்.

அந்தக் கணக்கில் 2025 வரை முதலிடம் மோகன் பகானுக்கு. பழைய தேசிய லீக்கில் மூன்று, ஐ-லீக்கில் இரண்டு, ஐஎஸ்எல் ஷீல்டு இரண்டு, மொத்தம் ஏழு. இரண்டாவது ஐ-லீக் பட்டத்தை 2020 மார்ச்சில் நான்கு ஆட்டங்கள் மீதம் இருக்கும்போதே கைப்பற்றினார்கள். அதற்குள் கிளப்பின் கால்பந்து அணியில் 80 சதவீதம் ஏடிகேவின் உரிமையாளரான கோயங்கா குழுமத்துக்குப் போவது அறிவிக்கப்பட்டிருந்தது. 'ஏடிகே மோகன் பகான்' என்ற பெயரை ரசிகர்கள் ஏற்கவே இல்லை. மூன்று ஆண்டு போராடினார்கள், ஊர்வலம் போனார்கள், பதாகை பிடித்தார்கள். 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற இரவே ஏடிகே என்ற முன்னொட்டு நீக்கப்படுவதாக உரிமையாளர் அறிவித்தார். ஏடிகே தனியாக வென்ற மூன்று கோப்பைகளை இப்போது தன்னுடையது என்று சொந்தம் கொண்டாட ஆளில்லை. ஜேசிடிக்கும் மஹிந்திராவுக்கும் இப்படிப் போராட ஒரு கூட்டம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஐ-லீக் இதற்குள் இரண்டாம் தரத்துக்கு இறங்கிவிட்டது. கோகுலம் கேரளா 2020-21, 2021-22 இரண்டையும் வென்றும் மேலே போக வழி இல்லை, ஏனென்றால் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் இடம் என்ற விதி 2022-23இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு வென்ற ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப், அதாவது பெயர் மாறிய பழைய மினர்வா, மேலே ஏறிய முதல் அணி. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங்.

2024-25இல் பட்டியலே நீதிமன்றம் ஏறியது. ஆட்டங்கள் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, இன்டர் காசி 39. ஆனால் நாம்தாரி அணி தகுதியில்லாத வீரரை இறக்கியதாக இன்டர் காசி கொடுத்த புகாரும், இன்டர் காசியின் சொந்த வீரர் பதிவு பற்றிய புகாரும் நிலுவையில் இருந்தன. கூட்டமைப்பின் மேல்முறையீட்டுக் குழு இன்டர் காசிக்கு எதிராகச் சொன்னது, கோப்பை சர்ச்சில் கையில் கொடுக்கப்பட்டது. விவகாரம் சுவிட்சர்லாந்தின் லாசானில் உள்ள விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2025 ஜூலை 18 அன்று சாம்பியன் இன்டர் காசி என்று தீர்ப்பு வந்தது. பெயரில் வாரணாசி, சொந்த மைதானமாக ஆடியது வங்காளத்தின் கல்யாணி, பட்டம் கிடைத்தது லாசானில்.

அந்தப் பட்டத்தோடு ஐஎஸ்எல்லில் ஓர் இடமும் கிடைத்தது. ஆனால் ஒரு வாரத்துக்கு முன்பே, ஜூலை 11 அன்று, ஐஎஸ்எல்லை நடத்தும் நிறுவனம் அடுத்த சீசனை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தது. 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புதிதாக லீக்கை நடத்த யார் வருகிறார்கள் என்று கூட்டமைப்பு டெண்டர் விட்டது. நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவரும் விண்ணப்பித்திருக்கவில்லை.